ஆட்டக்களத்தில் முறையும் பொறுப்பும்

ஒருவன் செய்த பிழைக்காகப் பதினொருவர் தோல்வியுறுவது நீதியாகுமா? இவ்வினா சென்ற ஆண்டு நம் விடுதியில் மூன்று நாள் ஓயாமற் பேசப்பட்டது. அதற்குக் காரணமாயிருந்தவன் யானே. ஆதலின் அதற்கு விடை தேடுங் கடமையும் என்னையே சார்ந்தது. என் கதையைப் பின்னர்க் கூறுவேன். காற்பந்தாட்டக் குழுவிற்கு ஒழுங்குமுறை எதற்கு, அதனைக் காக்கும் பயிற்றாசிரியர் எவ்வளவு கண்டிப்புடையவராயிருத்தல் தகும், அக்கண்டிப்பிற்கு எல்லை யாது என்பவற்றை முதலிற் சிறிது ஆராய்வாம்.

என் ஊர் பிக்கட்டி. அது நீலகிரியிற் குந்தா வட்டத்திலுள்ளது. அங்குப் பலர் சிறு தேயிலைத் தோட்டமுடையவர். அவர்கள் கொய்யும் பசுந்தேயிலை கூட்டுறவுத் தொழிற்சாலையை அடைந்ததும், பலருடைய இலையும் ஒன்றாகக் கலந்து வாட்டுந் தொட்டியில் விழும். அதன்பின் இவ்விலை இன்னாருடையதென்று பிரித்தறிய இயலாது. ஒருவர் இரண்டிலையும் ஒரு மொட்டுமாக வருந்திக் கொய்திருப்பார். மற்றொருவர் நிறை மிகவேண்டி முற்றின இலையையும் காம்பையும் சேர்த்து அடைத்திருப்பார். இரண்டுஞ் சேர்ந்து ஒரே தூளாகிக் குன்னூர் ஏலத்திற்குச் செல்லும். தூள் தாழ்ந்தால் விலையும் தாழும். அவ்விழப்பை நல்ல இலை கொடுத்தவரும் சுமப்பர். ஆகவேதான் இலையை நிறுக்குமிடத்தில் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்து முற்றினதை ஒதுக்குகின்றனர். ஒதுக்குபவரைக் கொடியவரென்று திட்டுவாருமுண்டு. ஆயினும் அவர் அங்கு நிற்பது எவரையும் வருத்துவதற்கன்று. ஊரார் அனைவருடைய உழைப்பையும் காப்பதற்கே. நல்ல பயிற்றாசிரியருடைய வேலையும் இதனை ஒத்ததென்பது என் கருத்து.

காற்பந்தாட்டத்தில் ஒருவனுடைய கவனக்குறைவு எவ்வாறு எல்லார்க்கும் கேடாகின்றதென்பதற்கு ‘ஆஃப்சைடு’ விதியே தக்க சான்று. எதிரணியினரின் பாதியில், பந்திற்கும் எதிரணியின் கடைசி இருவரில் முன்னிற்பவனுக்கும் அப்பால், கோலுக்கு அண்மையில் நிற்பவன் தன் தோழன் உதைக்கும் பந்தைப் பெற்றாடுதல் பிழையாகும். முற்காலத்தில் கடைசி மூவரைக் கொண்டு இவ்விதி கணிக்கப்பட்டது; 1925ஆம் ஆண்டு முதல் இருவராகக் குறைக்கப்பட்டது. காவலர் நால்வரும் ஒரே வரிசையாய், ஒரே கணத்தில் முன்னேறுவாராயின், எதிரணி முன்வீரன் பிழைபட்ட இடத்தில் அகப்பட்டுக்கொள்வான். நால்வருள் ஒருவன் ஓரடி பின்தங்கினாற் போதும். மூவருடைய முயற்சியும் பாழாம். முன்வீரன் விதிக்குட்பட்டவனாய்த் தனித்து ஓடிக் கோலையடைவான். காண்போர் பழிப்பது கோல் காப்பவனை. பிழை செய்தவனோ இருபது கசத்திற்கு அப்பால் ஒன்றுமறியாதவன்போல் நிற்பான். இவ்வொற்றுமை ஆட்டநாளன்று திடீரெனத் தோன்றுவதன்று. பல நாட் காலைகளிற் குறித்த நேரத்தில் கூடி, ஒருவர் குரலை மற்றவர் அறிந்து பழகியதனால் விளைவது. பயிற்சிக்கு வாராதவன் தன் கால்வலிமையை மட்டும் இழப்பதில்லை. அன்று வந்த மூவருடைய பயிற்சியையும் குறையாக்குகின்றான்.

நம் நாட்டில் இவ்வுண்மையைத் தம் வாழ்நாளால் விளக்கியவர் ஐதராபாத்துச் சையது அப்துல் ரகீம் அவர்கள். 1909ஆம் ஆண்டு பிறந்த இவர் தொழிலாற் பள்ளி ஆசிரியர். 1950 முதல் 1963இல் இறக்குமளவும் ஐதராபாத் நகரக் காவற்படைக் குழுவையும் இந்தியக் குழுவையும் பயிற்றினார். அக்காவற்படைக் குழு 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து ரோவர்சு கோப்பையை வென்றது. இந்தியக் குழு 1951இல் தில்லியிலும் 1962இல் சகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிற் பொற்பதக்கம் பெற்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையடைந்தது. இவ்வெற்றிகளுக்கு நடுவே பெருந்தோல்வியும் உண்டு. 1952ஆம் ஆண்டு எல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர் யூகோசிலாவியரிடம் ஒன்றுக்குப் பத்தாகத் தோற்றனர். குளிர்நிலத்தில் நம்மவருட் பலர் காலணியின்றி வெறுங்காலோடு ஆடியிருந்தனர். அதன்பின் காலணி அணிதல் கட்டாயமாக்கப்பட்டது. வெறுங்காலாட்டம் பலர்க்குப் பெருமையாயிருந்த பழக்கம். ஆயினும் குழுவின் நலத்திற்கு இடையூறாயின், பெருமையான பழக்கமும் விடப்படவேண்டியதே என்பதை அத்தோல்வி கற்பித்தது.

ரகீம் அவர்களின் பயிற்சி முறையில் ஒன்று கருதற்பாலது. வலிமை குறைந்த காலால் மட்டுமே பந்தை உதைத்தல் வேண்டுமென்னும் விதியோடு அவர் போட்டிகள் நடத்தினார். வலக்காற் பழக்கமுடையான் எத்துணை வல்லவனாயினும் அங்கு இடக்காலால் ஆடித் தடுமாறவேண்டும். புகழ்பெற்றவனும் புதியவனும் ஒரு நிலையராவர். தன் குறையைத் தோழர் முன்னிலையில் வெளிப்படுத்தி, நாணாமல் அதனைத் திருத்திக்கொள்ளுதலே பொறுப்புணர்ச்சியின் முதற்படி. ஒழுங்கு என்பது நேரந் தவறாமையும் உடைத் தூய்மையும் மட்டுமன்று. தன்னைத் தானே உள்ளபடி காண்பதும் அதனுள் அடங்கும்.

தனக்கு அளிக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொள்ளுதல் இதனினும் அரிய ஒழுங்கு. இதற்குச் சான்று நீலகிரிக்கு அயலானதன்று. குன்னூரையடுத்த வெல்லிங்டனிலுள்ள மதராசு படைப்பிரிவு நடுவத்தின் குழு 1955ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் டியூரண்டு கோப்பையை வென்றது. அக்குழுவிற் கோல் காத்தவர் பீட்டர் தங்கராசு அவர்கள். அவர் 1953இற் படையிற் சேர்ந்தபோது கோல் அடிக்கும் நடு முன்வீரராகவே ஆடினார். பின்னரே கோல் காக்கும் இடத்திற்கு மாறினார். கோல் அடிப்பவனுக்குக் கைதட்டல் உண்டு. காப்பவனுக்கோ பிழைத்தபோது வசையே மிகுதி. ஆயினும் அம்மாற்றத்தினாலன்றோ அவர் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற இந்தியக் குழுக்களில் இடம்பெற்று, 1967இல் அருச்சுனா விருதும் பெற்றார்! 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் சகார்த்தாவில் தென் கொரியரோடு நிகழ்ந்த இறுதி ஆட்டத்திலும் கோலில் நின்றவர் அவரே. அதே ஆட்டத்தில் சர்னைல் சிங் என்னும் பின்காவலர், முன்னோர் ஆட்டத்தில் தலையிற் காயம்பட்டுத் தையலிடப்பட்டிருந்த நிலையில், ரகீம் அவர்கள் பணித்தவாறு முன்வீரராக ஆடி ஒரு கோல் அடித்தார், மற்றொன்றைப் பி. கே. பானர்சி அடித்தார். இந்தியா ஒன்றுக்கு இரண்டாக வென்றது. முன்வீரர் ஒருவர் காவலராகவும், காவலர் ஒருவர் முன்வீரராகவும் நின்ற அவ்வாட்டம் குழு ஒழுங்கிற்கு உரைகல்லாம். அப்போதே புற்றுநோயால் வருந்திய ரகீம் அவர்கள் அடுத்த ஆண்டு சூன் 11ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இனி, தலைப்பில் எழுப்பிய கடினமான வினாவிற்கு வருவாம். குழுவில் மிக வல்லவனே விதியை மீறினால் என் செய்வது? இதற்கு அமெரிக்கக் கல்லூரி வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியுண்டு. அந்நாட்டார் ‘ஃபுட்பால்’ என்பது நம் காற்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமாகிய வேறோர் ஆட்டம். அலபாமாப் பல்கலைக்கழகக் குழுவின் பயிற்றாசிரியர் பால் பிரையன்டு என்பவர். 1963ஆம் ஆண்டு டிசம்பரில், பருவத்தின் இறுதி ஆட்டங்கள் அணுகும்போது, சோ நேமத் என்னும் மாணவன் பயிற்சிக் காலத்திற்குரிய விதியை மீறினான். பந்தெறிந்து குழுவை நடத்தும் தலைமை இடம் அவனுடையது. பிரையன்டு அவனை எஞ்சிய ஆட்டங்களினின்று விலக்கினார். 1964 சனவரி முதல் நாளன்று நிகழ்ந்த ‘சுகர் பவுல்’ என்னும் பேராட்டமும் அதனுள் அடங்கிற்று. அவனின்றியே குழு வென்றது. அடுத்த பருவத்தில் நேமத் திரும்பி வந்து ஆடினான். அப்பருவத்திற் குழு தேசிய முதன்மை பெற்றது. தண்டனை அவனை அழிக்கவில்லை. திரும்பிவரும் வழியை அடைக்காமல் விட்டது.

ஆனால் அக்குழு தோற்றிருந்தால்? வெற்றி பெற்றதனால் பயிற்றாசிரியர் செய்தது நீதியாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. வெற்றி தோல்வி நீதியின் அளவுகோலல்ல. தோல்வி நேர்ந்தவிடத்தும் நீதி நீதியாக நிற்குமா என்பதே சோதனை. அச்சோதனை எனக்கு நேர்ந்தது.

யான் நம் கல்லூரிக் குழுவில் வலப்புறக் காவலனாக ஆடிவந்தேன். பயிற்சி அட்டவணையோடு இரண்டு விதிகள் பருவத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தன. தக்க காரணமின்றிப் பயிற்சிக்கு வாராதவன் அடுத்த ஆட்டத்தில் ஆடான். பொய்க்காரணங் கூறியவன் இரண்டு ஆட்டங்களில் ஆடான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை யான் ஊருக்குச் சென்றேன். மறுநாள் எங்கள் ஊரிளைஞர் பக்கத்தூராரோடு ஆடுவதாயிருந்தனர். அவர்கள் அழைக்க, மறுக்க மனமின்றி ஆடினேன். பயிற்றாசிரியருக்கோ காய்ச்சலென்று தொலைபேசியிற் செய்தி அனுப்பினேன். அவ்வாட்டத்தில் கணுக்கால் பிசகி வீங்கிற்று. திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு மைதானத்திற்கு வந்தபோது அவர் என் காலைப் பார்த்தார். “தம்பி, காய்ச்சல் காலுக்கு இறங்கிவிட்டதோ?” என்றார். தோழர் சிரித்தனர். யான் சிரிக்கவில்லை. உண்மையைக் கூறிவிட்டேன். “கால் ஒரு வாரத்தில் ஆறும்; விதிப்படி இரண்டு ஆட்டங்கள்” என்று மட்டும் சொல்லிப் பயிற்சியைத் தொடங்கினார். வசைமொழி ஒன்றுங் கூறவில்லை.

முதலாட்டம் வென்றோம். இரண்டாவது ஆட்டம் வெளியேற்று முறை ஆட்டம். தோற்றாற் போட்டியினின்று நீங்கவேண்டும். என் கால் அதற்குள் நன்றாக ஆறிவிட்டது. தலைவன் எனக்காகப் பரிந்து பேசினான், பயிற்றாசிரியர் இணங்கவில்லை. என்னிடத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன் ஆடினான். யான் தண்ணீர்ப் புட்டிகளோடு கோட்டிற்கு வெளியே அமர்ந்திருந்தேன். ஆட்டம் முடியுந் தறுவாயில் நம் காவலர் வரிசை முன்னேறிற்று. அச்சிறுவன் ஓரடி பின்தங்கினான். எதிரணி முன்வீரன் அவ்வழியே நுழைந்து கோல் அடித்தான். ஒன்றுமில்லாமைக்கு ஒன்றாகத் தோற்றோம்.

அன்றிரவு விடுதியிற் சிலர் பயிற்றாசிரியரைப் பழித்தனர்; சிலர் அச்சிறுவனைப் பழித்தனர். என்னை ஒருவரும் பழிக்கவில்லை. ‘நீ ஆடியிருந்தால் வென்றிருப்போம்’ என்று தேற்றினர். அத்தேறுதலே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. அவ்வரிசையிற் பழகவேண்டிய காலையில் வேறிடத்திலிருந்தவன் யான். பொய் கூறியவன் யான். அழுதுகொண்டு படுத்தவனோ அவன். ஒருவன் பிழைக்காகப் பதினொருவர் தோற்றனர் என்பது உண்மையே; ஆயின் அவர்களைத் தோற்பித்தது தண்டனையன்று, பிழையே என்பது அன்றிரவு எனக்கு விளங்கிற்று. பயிற்றாசிரியர் அன்று விதியைத் தளர்த்தியிருந்தால், அறிவிப்புப் பலகையிலுள்ள எழுத்து வல்லவனுக்கு ஒன்றும் வலியிலானுக்கு வேறொன்றும் ஆகியிருக்கும். அதன்பின் எவன் எவனை நம்பி வரிசையில் முன்னேறுவான்?

இவ்வளவு கூறியதனாற் கண்டிப்பு எவ்வளவாயினும் நன்றென்று யான் கருதுவதாக எண்ணற்க. திருவள்ளுவர் ஐம்பத்தைந்தாம் அதிகாரத்திற் செங்கோன்மையைக் கூறியபின் வாளா இருந்தாரல்லர். கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தார். முறை செய்யும் அதிகாரம் உடையவன் எளிதில் வழுக்கி விழும் இடங்களை அவ்வரிசையே காட்டுகின்றது. முற்கூறிய பிரையன்டு அவர்களே இதற்கும் சான்றாவர். 1954ஆம் ஆண்டு தெக்சாசு மாநிலத்தில் சங்சன் என்னும் ஊரில், கடும் வெயிலில், மாணவர்க்குத் தண்ணீரும் மறுத்துப் பத்து நாள் பயிற்சி நடத்தினார். பலர் இரவோடிரவாக ஓடிப்போயினர். ஒருவன் வெப்பத்தாக்கத்தால் வீழ்ந்து உயிர் தப்பினான். அப்பருவத்தில் அக்குழு பத்து ஆட்டங்களில் ஒன்றே வென்றது. ஒன்பதாண்டிற்குப் பின் நேமத்தை விலக்கியவரும் அவரே. முன்னது வெருட்டல், பின்னது முறை. ஒரே மனிதரிடத்தில் இரண்டும் இருந்தனவாதலின், கண்டிப்பானவர் என்னும் ஒரு சொல்லாற் பயிற்றாசிரியரை அளந்துவிடலாகாது.

இதனினுந் துயரமானது 2018ஆம் ஆண்டு மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே மாத இறுதியில் ஓட்டப் பயிற்சியின்போது பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் வெப்பத்தாக்கமுற்றான். உடலைக் குளிர்நீரில் உடனே அமிழ்த்துவதே அதற்குரிய முதற்சிகிச்சை. அஃது அங்குச் செய்யப்படவில்லை. இரண்டு வாரத்திற்குப்பின் அவன் உயிர்நீத்தான். பல்கலைக்கழகத் தலைவர் சட்டத்தின்படியும் அறத்தின்படியும் பொறுப்புத் தங்களுடையதென்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். தலைமைப் பயிற்றாசிரியர் அக்டோபர் 31ஆம் நாள் நீக்கப்பட்டார். என் வயதினனாகிய அவனை எண்ணுந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது. களைத்தேன் என்று கூறும் மாணவனைச் சோம்பேறியென்று கருதும் பழக்கம் எங்குண்டோ, அங்கு ஒழுங்கு என்னும் பெயரால் உயிரும் போகும். மாணவன் பயிற்றாசிரியர்க்குப் பொறுப்புடையனாவது போலவே, பயிற்றாசிரியர் மாணவன் உடலுக்கும் உயிர்க்கும் பொறுப்புடையவர். இப்பொறுப்பு ஒருவழிப் பாதையன்று.

ஆகவே நல்ல ஒழுங்குமுறைக்கு நான்கு இலக்கணங் கூறலாம். விதி, பிழை நேருமுன்னரே எல்லாரும் அறிய வெளியிடப்படல் வேண்டும். பிழை நேர்ந்தபின் வகுக்கும் விதி சினத்தின் மாற்றுப்பெயராம். அது வல்லவனுக்கும் வலியிலானுக்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும். தண்டனை ஆட்டத்தையும் பயிற்சியையும் பற்றியதாயிருக்கலாம். உணவு, தண்ணீர், உடல்நலம், மானம் ஆகியவற்றில் கைவைத்தல் ஆகாது. இறுதியாக, விதித்தவரையும் அவ்விதி கட்டுதல் வேண்டும். இந்நான்காவதற்கு நம் மைதானத்திலேயே சான்று கண்டோம். ஒருநாட் காலை பயிற்றாசிரியர் ஏறிவந்த பேருந்து பழுதாகி நின்றது. அவர் இருபது நிமிடம் தாமதித்து வந்தார். தாமதித்தவர் மைதானத்தை நான்கு முறை சுற்றி ஓடுதல் வழக்கம். அவர் பையை இறக்கி வைத்தார். ஒன்றும் பேசாமல் நான்கு முறை ஓடினார். அம்பது வயதை அண்மிய அவர் மூச்சு வாங்க நான்காவது சுற்றை முடித்தபோது, நாங்கள் ஒருவரும் நகைக்கவில்லை. அன்று முதல் ஒருவனும் தாமதித்ததாக எனக்கு நினைவில்லை.

பவுல் அடிகள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் திருச்சபையை ஓருடலாகவும் மக்களை அதன் உறுப்புக்களாகவும் உருவகித்தார். ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் அமர்ந்து அக்கருத்தைக் கேட்டு வளர்ந்தவன் யான். ஆயினும் அதன் பொருளைக் கோட்டிற்கு வெளியே தண்ணீர்ப் புட்டியோடு அமர்ந்திருந்த நாளிலேதான் அறிந்தேன்.

தோல்வியுற்ற மறுநாள் அச்சிறுவனிடஞ் சென்று உண்மையைச் சொன்னேன். அன்று மாலை முதல் இருவரும் வரிசையில் ஒருங்கே முன்னேறிப் பழகினோம், இன்றும் பழகுகின்றோம். இவ்வாண்டு வலப்புறக் காவலிடம் அவனுடையது; முறையாக உழைத்துப் பெற்றான். யான் இடப்புறம் ஆடுகின்றேன். இடக்கால் இன்னும் சற்றே தடுமாறுகின்றது.